அந்தப் பத்து நிமிஷம்

மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டீக்கடை இருக்கிறது. பக்கத்தில் சிற்பக் கூடம் என்பதால் உளிச் சத்தத்தோடுதான் டீ குடிக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் பகல் ஷிஃப்ட் முடிந்ததும் அங்கே வருவார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். சொந்த ஊர் மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கிராமம். 24 வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 'செக்யூரிட்டி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். 'ஹவில்தார் சார்' என்றால் முகம் மலர்ந்துவிடும். நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

2025 ஏப்ரலில் நம் பிரதமர் கொழும்பு போனபோது இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட்டன. பயிற்சி, கூட்டு ஒத்திகை என்று ஏற்கெனவே நடந்துவருவதை எல்லாம் ஒரே காகிதத்தில் கொண்டுவந்த ஏற்பாடு. அந்தச் செய்தி வந்த பேப்பரை டீக்கடை பெஞ்சில் விரித்து வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன்.

"வேற நாட்டு ராணுவத்துக்கு நாம ஏன் சார் டிரெயினிங் குடுக்கணும்? அவன் அதை வெச்சிக்கிட்டு யாரைச் சுடுவான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "யாருக்கு டிரெயினிங்? ஆபீசருக்கா, என்சிஓவுக்கா?" என்று திருப்பிக் கேட்டார்.

எனக்கு அது பெரிய வித்தியாசமாகத் தோன்றவில்லை. அவருக்கு அதுதான் விஷயமே.

ராணுவத்தில் சிப்பாய்க்கு மேலே, ஆபீசர் வரிசைக்கு வெகு கீழே ஓர் அடுக்கு இருக்கிறது. நம் ஊரில் லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார். மற்ற நாடுகளில் கார்ப்பரல், சார்ஜன்ட். சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறி வந்தவர்கள். நேராக அகாடமியில் படித்துத் தோளில் நட்சத்திரத்தோடு வருகிறவர்கள் அல்ல. காலாட்படையில் பத்துப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷன் ஹவில்தார் கையில் இருக்கும். யார் முன்னால் போவது, யார் காவல் நிற்பது, யாருக்குக் காய்ச்சல், எவன் வீட்டிலிருந்து லெட்டர் வரவில்லை என்று முகம் வாடி இருக்கிறான் — எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சினிமாவில் இவர்களைக் காமெடிக்கு மட்டும் பயன்படுத்துவார்கள். பெரிய மீசை, பெரிய தொந்தி, லெஃப்ட் ரைட்.

"சார், ஆபீசர் மேப்பைப் பாப்பாரு. சிப்பாய் என் மூஞ்சியப் பாப்பான்" என்றார். "ஒரு ஆளைப் புடிச்சிக்கினு வர்றாங்கன்னு வைங்க. அவன் யாரு, தீவிரவாதியா, மாடு மேய்க்க வந்தவனா, ஒண்ணும் தெரியாது. பசங்க ராத்திரி பூரா தூங்கல. மொத நாள்தான் கூட இருந்தவன் செத்திருக்கான். கையில துப்பாக்கி இருக்கு. வயர்லெஸ்ல மேல கேட்டு ஆர்டர் வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம் என்னுது. எந்த ஜெனரலும் அங்க கெடையாது."

எனக்கு அதன்பின் டீ இறங்கவில்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். 2012 ஜூலையில் அந்தத் தளம் திடீரென்று தலைப்புச் செய்தியானது. இலங்கை விமானப்படையைச் சேர்ந்த 9 பேர் அங்கே தொழில்நுட்பப் பயிற்சி பெறுகிறார்கள் என்று தெரிந்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அங்கே கடைசி மாதங்களில் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நியமித்த நிபுணர் குழு 2011ல்தான் சொல்லியிருந்தது. தமிழ்நாடு கொதித்தது. அவர்களை உடனே இலங்கைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா. கருணாநிதியும் எதிர்த்தார். இருவரும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான விஷயங்களில் இதுவும் ஒன்று.

மத்திய அரசு என்ன செய்தது? 9 பேரையும் பெங்களூரு அருகே உள்ள எலகங்கா தளத்துக்கு மாற்றியது. பயிற்சி தொடர்ந்தது. முதல்வர் அதையும் கண்டித்தார். ஆனால் தெருவில் இருந்த சூடு குறைந்துவிட்டது. உண்மையைச் சொல்வதென்றால், எனக்குள்ளும் குறைந்துவிட்டது. 'நம்ம மண்ணிலிருந்து விரட்டியாச்சு' என்று ஒரு திருப்தி. தாம்பரத்தில் தப்பாக இருப்பது எலகங்காவில் எப்படிச் சரியாகும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஸ்பானர் பிடிக்கச் சொல்லித் தருவது பாவம் என்றால், அது கர்நாடகத்திலும் பாவம்தான். அது சரி என்றால் தாம்பரத்திலும் சரிதான். கோபம் எனக்கு நிஜம். கேள்வியைத்தான் நான் ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டுக்கொள்ளாத கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. அதே வருடம் செப்டம்பரில், சென்னைக்கு விளையாட வந்த இலங்கைக் கால்பந்து அணி திருப்பி அனுப்பப்பட்டது. பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்த இலங்கை யாத்ரீகர்களை முற்றுகையிட்டார்கள். அவர்கள் ஊர் திரும்பும் வழியில் பேருந்துகள் மீது கல் விழுந்தது. விமானப்படை ஆளில் ஆரம்பித்து, ஜெபமாலை வைத்திருந்த பாட்டியம்மாவில் வந்து நின்றோம்.

டெல்லியின் பதில் என்ன? 'இலங்கை நட்பு நாடு, பயிற்சி தொடரும்' என்று அப்போதைய பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் பல்லம் ராஜு சொன்னார். அதற்குப் பின்னால் சொல்லாமல் சொல்லும் இன்னொரு பதிலும் உண்டு. நாம் கொடுக்காவிட்டால் சீனா கொடுக்கும், பாகிஸ்தான் கொடுக்கும்.

இந்த வாதத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எங்கள் தெரு முனையில் முன்பு ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு பாக்கு, புகையிலைப் பொட்டலம் விற்பார். 'நான் விக்கலேன்னா எதிர்க் கடைக்காரன் விப்பான்' என்பார். அது பொய் இல்லை. எதிர்க் கடைக்காரர் விற்கத்தான் செய்தார். ஆனால் அந்தப் பதில் வியாபாரத்தை விளக்குகிறது. விற்கலாமா என்ற கேள்வி அப்படியே பாக்கி நிற்கிறது.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. அதைச் சுலபமாகத் தள்ள முடியாது. கற்றுக்கொடுத்தால்தானே ஒழுங்கு வரும்? பயிற்சி இல்லாத சிப்பாய் பயத்தில் சுடுவான். பயிற்சி உள்ளவன் நிதானிப்பான். நம் ஹவில்தார் சொன்ன அந்தப் பத்து நிமிஷத்தில், கைதியைச் சுடக்கூடாது என்று யாரோ ஒருவர் அந்த சார்ஜன்ட்டுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும் இல்லையா? அந்த யாரோ நாமாக இருந்தால் என்ன தப்பு?

இதைச் சும்மா யோசித்தால் பிடிபடாது. நடந்ததைப் பார்க்க வேண்டும்.

1996 செப்டம்பர். யாழ்ப்பாணத்தில் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய கிருஷாந்தி குமாரசுவாமி என்ற 18 வயது மாணவியை செம்மணி சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். அவள் திரும்பவில்லை. அவளைத் தேடிப்போன அம்மா, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் மூவரும் திரும்பவில்லை. வழக்கு நடந்தது. 1998ல் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களில் முக்கியமானவர் சோமரத்ன ராஜபக்ச. கர்னல் இல்லை, மேஜர் இல்லை. கார்ப்பரல் நிலையில் இருந்தவர். தண்டனை கேட்ட அன்று அவர் கோர்ட்டில் ஒன்று சொன்னார்: செம்மணியில் இதுபோல நூற்றுக்கணக்கான உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன, இடத்தைக் காட்ட முடியும். 1999ல் தோண்டி 15 உடல்களை எடுத்தார்கள். பிறகு கால் நூற்றாண்டு அந்த மண் மூடியே கிடந்தது. 2025ல் செம்மணியில் மறுபடி தோண்டினார்கள். குழந்தைகளின் எலும்புகளும் வந்தன.

2000 டிசம்பர். மிருசுவில். போரால் இடம்பெயர்ந்தவர்கள் சிலர் தங்கள் பழைய வீடுகளைப் பார்த்துவர ஊருக்குப் போனார்கள். எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். ஒருவன் ஐந்து வயதுப் பையன். தப்பித்து ஓடிய ஒருவர் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. வழக்கு பல வருடம் இழுத்தது. 2015 ஜூனில் சுனில் ரத்னாயக்க என்பவருக்கு மரண தண்டனை. மற்றவர்கள் விடுதலை. 2019ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. அவருடைய பதவி ஸ்டாஃப் சார்ஜன்ட்.

கவனித்தீர்களா? ஒரு இடத்தில் கார்ப்பரல். இன்னொரு இடத்தில் சார்ஜன்ட். இவர்களுக்கு மேலே இருந்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள் என்று இதைப் படிக்கலாம். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் சாவடியில், கிணற்றடியில், கைதியின் எதிரில் நிஜமாக நின்றவர்கள் இந்த அடுக்கைச் சேர்ந்தவர்கள்தான். அதனால்தான் 'யாருக்கு டிரெயினிங்?' என்று ஹவில்தார் கேட்டிருக்கிறார். ஜெனரல்களுக்குப் பாடம் எடுப்பதைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதும். பாவமும் புண்ணியமும் சார்ஜன்ட் வகுப்பில் இருக்கிறது.

அப்படியானால் அவர்களுக்குக் கட்டாயம் கற்றுத் தரத்தானே வேண்டும் என்று தோன்றும். பொறுங்கள். கற்றுத் தந்து நாசமான கதையும் இருக்கிறது.

அமெரிக்கா 1946ல் பனாமாவில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. 'ஸ்கூல் ஆஃப் தி அமெரிக்காஸ்'. லத்தீன் அமெரிக்க ராணுவத்தினருக்குப் பயிற்சி. 1984ல் அமெரிக்காவுக்குள்ளேயே, ஜார்ஜியா மாநிலத்துக்கு மாற்றினார்கள். ஜனநாயகம், கட்டுப்பாடு, தொழில் நேர்த்தி என்று நல்ல நல்ல வார்த்தைகள். 1989ல் எல் சால்வடாரில் ஆறு பாதிரியார்களையும், சமையல்கார அம்மாளையும், அவர் மகளையும் ராணுவத்தினர் சுட்டுக் கொன்றார்கள். 1993ல் ஐ.நா.வின் உண்மைக் கமிஷன் அந்தக் கொலைக்குப் பொறுப்பாளிகள் என்று பெயர் சொன்னவர்களில் பலர் அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள். 1996ல் பென்டகனே தன் பயிற்சிக் கையேடுகளை வெளியிட்டது. மிரட்டல், சித்திரவதை, ஆளைத் தீர்த்துக்கட்டுவது எல்லாம் பாடத்திலேயே இருந்தது. பழி தாங்காமல் 2001ல் பள்ளிக்கூடத்தின் பெயரை மாற்றினார்கள். நம் ஊரில் ராசியில்லாத கடைக்கு போர்டு மாற்றுவார்கள், அதுபோல.

ஆக, கற்பிப்பதால் மனிதன் மிருதுவாகிறான் என்று உறுதி சொல்ல முடியாது. குறி தவறாமல் சுட மட்டும் கற்றுக்கொண்டு போகலாம். வர்மக் கலை ஆசான்கள் அடிக்கும் இடத்தைக் காட்டுவதற்கு முன்னால், அடிபட்டவனை எழுப்பும் இளக்குமுறையைச் சொல்லித் தருவார்கள் என்பார்கள். அதுவும் ஆள் எப்படி என்று வருடக்கணக்கில் பார்த்த பிறகு. அரசாங்கங்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது.

நம் அரசாங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983ஆம் வருடத்தை நான் பலமுறை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. அந்த வருடம் நீலகிரியில் வெலிங்டன் ராணுவப் பணியாளர் கல்லூரியில் படித்த இலங்கை அதிகாரிகளில் ஒருவர் கோத்தபய ராஜபக்ச. அதே வருடம் ஜூலையில் கொழும்பில் தமிழர்களை வெட்டினார்கள், எரித்தார்கள். அதே வருடக் கடைசியில் இந்திய உளவுத்துறை ஈழ இளைஞர்களை வட இந்திய மலைகளுக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஆயுதப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. பிறகு தமிழ்நாட்டிலும் முகாம்கள் வந்தன. ஜெயின் கமிஷன் அறிக்கையில் இதெல்லாம் விலாவாரியாக இருக்கிறது. ஒரே நாடு, ஒரே வருடம், இரண்டு பக்கத்துக்கும் குரு! துரோணராவது ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று நினைத்துக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் எதிரெதிரே நிற்பார்கள் என்று அவருக்கு அப்போது தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தோம்.

1987ல் அமைதிப்படை போனது. நாம் பயிற்சி கொடுத்தவர்களோடு நம் சிப்பாய்களே சண்டை போட்டார்கள். ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் திரும்பி வரவில்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அந்த ஊர் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அதற்கப்புறம் செங்கல்பட்டில் 'சிறப்பு முகாம்' என்ற பெயரில் ஒரு பழைய ஜெயிலுக்குள் இலங்கைத் தமிழர்களை வருடக்கணக்கில் பூட்டி வைத்திருந்தோம். பயிற்சி கொடுத்த ஊரும் பூட்டி வைத்த ஊரும் ஒரே மாநிலம்.

மாமல்லபுரத்துக்கு இது புதுசும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் மானவர்மன் என்ற சிங்கள இளவரசன் சிம்மாசனத்தை இழந்து பல்லவ அரண்மனைக்கு வந்து சேர்ந்தான். நரசிம்மவர்மனுக்கு நண்பனானான். ஒரே இளநீரை இருவரும் பகிர்ந்து குடிக்கும் அளவுக்கு நெருக்கம் என்று இலங்கையின் சூளவம்சம் சொல்கிறது. பல்லவன் படை கொடுத்தான். முதல் முயற்சி தோற்றது. இரண்டாவது முறை பெரிய படை. இலங்கைக்குக் கப்பல் ஏறிய இடம் இந்த மாமல்லபுரக் கரைதான் என்பது வரலாற்று ஆசிரியர்கள் பலரின் முடிவு.

இரண்டாவது முறை நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு காட்சி எனக்கு மறக்காது. அரசனே வருகிறான் என்றால்தான் வீரர்கள் மனசோடு கப்பலேறுவார்கள் என்று நரசிம்மனுக்குத் தோன்றியது. தானும் புறப்படுவதுபோல் காட்டினான். தன் நகைகளை மானவர்மனுக்குப் பூட்டிக் கப்பலில் ஏற்றினான். தான் கரையிலேயே நின்றுகொண்டு தன் முரசை முழங்கவிட்டான். ராஜா கப்பலில் இருக்கிறார் என்று நம்பிப் படை முழுக்க ஏறிவிட்டது. சூளவம்சம் எழுதிய பிக்கு இதை நட்புக்கு அடையாளமாகச் சொல்கிறார். எனக்கு, நடுக்கடலில் விடிந்ததும் கப்பலில் ராஜாவைத் தேடியிருக்கக்கூடிய அந்தச் சிப்பாய்களின் முகம்தான் கண்ணில் நிற்கிறது. யாருடைய சிம்மாசனத்துக்காகப் போகிறோம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

மறுபடியும் கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டு ராணுவத்துக்குக் கற்றுத் தரலாமா, கூடாதா?

மாணவன் நாளைக்கு என்ன செய்வான் என்று எந்த வாத்தியாராலும் சொல்ல முடியாது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவரை, அவரிடம் கற்றவன் செய்த விபத்துக்காக ஜெயிலில் போடுவதில்லை. ஆனால், குடித்துவிட்டு ஆளை இடித்தவனுக்கு லைசென்ஸைப் பறிக்காத ஊர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர்கள் 'இன்னும் வேகமாக ஓட்டச் சொல்லிக்கொடு' என்று வந்தால், ஸ்கூல்காரர் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? ஓட்டுகிறவனை அவர் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஊரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் போதும். 'உங்க ஊரில் தப்பு செய்தவனை என்ன செய்வீர்கள்?'

நான் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். ஒரு ராணுவம் தன் ஆள் செய்த குற்றத்துக்குத் தானே தண்டனை கொடுக்கும் என்றால், அதன் சார்ஜன்ட்டுக்கு நாம் பாடம் எடுக்கலாம். தவறினால் தண்டனை உண்டு என்பது அந்தப் பத்து நிமிஷத்தில் அவனுக்கு ஞாபகம் இருக்கும். தண்டனையே இல்லை என்றால் நாம் எடுக்கும் பாடம் வெறும் கைத்திறன்.

இந்த அளவுகோலை வைத்துத்தான் 2015 மிருசுவில் தீர்ப்பைப் பார்த்து நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு சிங்கள சார்ஜன்ட்டை, தமிழர்களைக் கொன்றதற்காக, கொழும்பு நீதிமன்றம் தண்டிக்கிறது. அந்த நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் கிடந்தபோது, அந்த சுனில் ரத்னாயக்கவுக்கு ஜனாதிபதி மன்னிப்பு கொடுத்து வெளியே விட்டார். ஜனாதிபதி யார்? கோத்தபய ராஜபக்ச. நம் வெலிங்டனின் பழைய மாணவர்.

அமெரிக்காவில் 1997ல் செனட்டர் லேஹியின் பெயரில் ஒரு சட்டம் வந்தது. கொலை, சித்திரவதை என்று நம்பகமான புகார் உள்ள வெளிநாட்டுப் படைப்பிரிவுக்கு அமெரிக்க உதவியும் பயிற்சியும் கிடையாது. குற்றவாளிகள் மேல் அந்த நாடு நடவடிக்கை எடுத்தால்தான் உண்டு. அந்தச் சட்டத்தை அவர்கள் வேண்டியவர்களுக்கு வளைக்கிறார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் கேள்வியாவது காகிதத்தில் இருக்கிறது. நம்மிடம் அதுகூட இல்லை. 9 பேரை எந்த ஊரில் வைப்பது என்று சண்டை போட்ட நாம், எந்த நிபந்தனையோடு வைப்பது என்று கேட்கவே இல்லை. பயிற்சியை நடத்திய டெல்லியும் கேட்கவில்லை.

இதையெல்லாம் ஹவில்தாரிடம் கொட்டினேன். கொஞ்சம் உற்சாகமாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். கண்டுபிடித்துவிட்ட உற்சாகம். அவர் டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். (கடைக்காரர் வேண்டாம் என்றாலும் அவரே கழுவி வைப்பார். ராணுவப் பழக்கம்.)

"நல்ல கேள்விதான் சார். நம்மகிட்ட யாராவது கேட்டாங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி" என்றார்.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப்படை புகுந்தது. நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸ்கள், ஊழியர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு நாளில் கொல்லப்பட்டார்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள், இருதரப்புச் சண்டையில் சிக்கிச் செத்தார்கள் என்பது நம் தரப்பு விளக்கம். மறுநாள் காலையில் கையைத் தூக்கிக்கொண்டு வந்த டாக்டரையும் சுட்டார்கள் என்பது உயிர் பிழைத்தவர்களின் சாட்சி. இதற்காக இந்தியாவில் ஒருவர்கூடக் கோர்ட்டில் நிறுத்தப்படவில்லை.

"அங்க எங்க யூனிட் இல்ல சார். நாங்க வேற பக்கம். ஆனா அடுத்த நாள் எங்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசல. நானும் பேசல. 24 வயசு எனக்கு."

என் அளவுகோல் மாணவனை மட்டும் அளப்பதற்கு என்று நான் நினைத்திருந்தேன். வாத்தியாரின் முதுகில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. தன் ஆள் செய்ததைத் தானே கேட்காத ஒரு ராணுவம், இன்னொரு ராணுவத்திடம் 'நீ கேட்டாயா?' என்று எந்த வாயால் கேட்கும்? இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நம் வீரர்களைக் குறை சொல்லலாமா என்பார்கள். அந்த 1,200 பேரில் பலர் நம் கிராமத்துப் பையன்கள். அவர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை. அதே மண்ணில் விழுந்த நர்ஸையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

இருட்ட ஆரம்பித்தது. உளிச் சத்தம் நின்றுவிட்டது. அவர் தன்னாலேயே தொடர்ந்தார். யாழ்ப்பாணத்துக்குப் பத்து வருடம் கழித்து, அவர் ஒரு பயிற்சி மையத்தில் 'உஸ்தாத்' ஆக இருந்திருக்கிறார். பயிற்சி கொடுக்கிற என்சிஓவை நம் ராணுவத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு கோர்ஸுக்கு நேபாளம், பூட்டான் ஆட்களோடு இலங்கை கார்ப்பரல்கள் இரண்டு பேர் வந்தார்களாம்.

"ஒருத்தன் நல்ல பையன் சார். கஷ்டப்பட்ட குடும்பம், அப்பா நெல் வயல்ல கூலி. நம்ம செங்கல்பட்டு ஏரிக்கரை பசங்க மாதிரியே இருப்பான். நான் யாழ்ப்பாணத்துல இருந்தேன்னு அவன்கிட்ட சொல்லவே இல்ல. கோர்ஸ் முடிஞ்சி போற அன்னிக்கி, எங்கேயோ தேடி ஒரு கட்டு வெத்தல வாங்கிக்கினு வந்தான். அதை என் கையில குடுத்து, மண்டி போட்டுக் கும்புட்டான். அவங்க ஊர்ல வாத்தியாருக்கு அப்டித்தான் செய்வாங்களாம். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி."

"அப்புறம் அவரைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?"

"எப்டி சார் தெரியும்? 2009ல டீவில, பேப்பர்ல போட்டோ வரும்ல, யூனிஃபார்ம் போட்டவங்க சுத்தி நிக்கிற மாதிரி. ஒவ்வொண்ணுலயும் அவன் மூஞ்சி இருக்கான்னு தேடுவேன். வீட்ல கேப்பா, 'இன்னாத்தங்க அப்டி உத்து உத்து பாக்கறீங்க'ன்னு."

"இருந்தாரா?"

"இல்ல. போட்டோவுல இல்லேன்னா அங்க இல்லேன்னு ஆயிடுமா?"

என்ன பாடம் எடுத்தீர்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். ராத்திரி காம்பஸ் வைத்து நடப்பது. ரோந்து. பதுங்கித் தாக்குவது. செக்‌ஷனுக்கு ஆர்டர் கொடுப்பது. ஆயுதப் பராமரிப்பு.

"புடிச்ச ஆளை எப்படி நடத்தணும்னு?"

"அதுவும் இருந்துச்சி சார். ஜெனிவா ஒப்பந்தம், கைதி, காயம்பட்டவன், சிவிலியன். ஒரே ஒரு பீரியட். சனிக்கிழமை மத்தியானம், கடைசி பீரியட். வாரம் பூரா ஓடி ஓடி பசங்க செத்துப்போயிருப்பாங்க. பாதிப் பேர் தூங்குவான். அவனும் தூங்கினான்."

செங்கல்பட்டு போகும் பஸ் வந்து நின்றது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் எழுப்பல சார். பாவம், தூங்கட்டும்னு விட்டுட்டேன்."